கான்செர்டினா: ஒரு விஞ்ஞானி செய்த இசைப்பெட்டி

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் பயிலும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருந்தால், 'வீட்ஸ்டோன் சமனச்சுற்று' என்னும் பெயரைக் கேள்வியுற்றிருப்பீர்கள். மின்தடையை அளக்க உதவும் அச்சுற்றை 1833ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்பவர். ஆயினும் அதைப் பின்னர் பலரறியச் செய்த சார்லஸ் வீட்ஸ்டோனின் பெயரே நிலைத்துவிட்டது. விந்தை என்னவெனில், வீட்ஸ்டோன் தாமே உருவாக்கிய ஒரு பொருளைச் சொன்னால் அவரை நினைப்பார் அரிது. அதுதான் கான்செர்டினா என்னும் சிறிய இசைப்பெட்டி.

இரு கைகளுக்குள் அடங்கும் கருவி அது. பெரும்பாலும் ஆறு பக்கங்கள் கொண்ட இரண்டு மரப்பெட்டிகள். அவற்றின் நடுவே தோலும் அட்டையும் கொண்டு மடித்த துருத்தி. ஆர்மோனியத்தை அறிந்த நமக்கு இதன் தத்துவம் புதிதன்று. துருத்தியின் காற்று மெல்லிய உலோக நாக்கை அதிரச் செய்கிறது, ஓசை பிறக்கிறது. அந்த நாக்கையே ரீடு என்கிறோம்.

வீட்ஸ்டோனின் குடும்பம் இலண்டனில் இசைக்கருவி வணிகம் செய்து வந்தது. 1829இல் வாயால் ஊதும் ரீடு கருவியொன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததே கான்செர்டினா. 1844இல் அதற்கெனத் தனிக் காப்புரிமை எடுத்தார். ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் உலிக் என்பவர் 1834இல் வேறொரு வகையைச் செய்தார். அதில் துருத்தியை அழுத்தினால் ஒரு சுரமும் இழுத்தால் மற்றொரு சுரமும் ஒரே பொத்தானில் எழும். வீட்ஸ்டோனின் கருவியிலோ இரு வழியிலும் ஒரே சுரம்தான். ஆகவே ஒரு பொத்தானுக்கு இரண்டு ரீடுகள். 48 பொத்தான்கள் கொண்ட கருவியில் 96 ரீடுகள்!

இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். வீட்ஸ்டோனின் கான்செர்டினாவிலோ 14 பொத்தான்கள். அக்காலச் சுருதி முறையில் மிக நெருங்கிய இரு சுரங்கள் தனித்தனியே ஒலித்தன; அவ்வேறுபாட்டைக் காக்கவே கூடுதல் பொத்தான்கள். இன்றைய சம இடைவெளிச் சுருதியில் அவ்விரு இணைகளும் ஒரே ஓசையைத் தருகின்றன.

இலண்டனின் கச்சேரி மண்டபங்களில் ஒலித்த இக்கருவி, லாஷனால் போன்ற தொழிற்கூடங்கள் மலிவாகச் செய்யத் தொடங்கியபின் எளியோர் கைகளுக்கும் வந்தது. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பெண்கள் வீட்டிலிருந்தே வாசித்தனர். இருபதாம் நூற்றாண்டில் கிராமபோனும் அக்கார்டியனும் பெருகவே, கான்செர்டினாக்கள் பரண் ஏறின.

பரணிலிருந்து இறக்கிய கருவிக்கு என்ன பழுதிருக்கும்? துருத்தியின் மடிப்புகளில் தோல் வெடித்திருக்கும்; அதை மெல்லிய ஆட்டுத்தோல் கொண்டு ஒட்டலாம். ரீடின் மேல் மூடும் தோல் நாடாக்கள் சுருண்டிருக்கும், மாற்றலாம். ரீடுகளைத் தாங்கும் பலகை உலர்ந்து சுருங்கி, பித்தளைச் சட்டங்கள் தளர்ந்திருக்கும். இடுக்கில் காகிதத் துண்டொன்றைச் செருகினால் இறுகிவிடும். இவையெல்லாம் மீண்டும் பிரித்தெடுக்கக் கூடியவை.

சுருதி சேர்ப்பதோ அப்படியன்று. விக்டோரியா அரசியின் காலத்துக் கருவிகள் பல இன்றைய அளவைவிட உயர்ந்த சுருதியில் அமைந்தவை. இன்று பிற கருவிகளோடு சேர்ந்து வாசிக்க அவற்றைத் தாழ்த்த வேண்டும். அதற்கு ரீடின் அடிப்பகுதியை அரத்தால் தேய்ப்பார்கள். நுனியைத் தேய்த்தால் சுருதி உயரும். தேய்ந்த உலோகம் திரும்பி வராது. பழைய சுருதிக்கு நேரடிச் சாட்சியாக இருந்ததும் அந்த உலோகமே.

எம் மதரஸாவில் பழைய கிதாபு ஒன்று இருந்தது. அதன் ஓரங்களில் முன்னாளில் ஓதியவர் ஒருவர் நுண்ணிய எழுத்தில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். பைண்டிங்குக்குக் கொடுத்தோம். பைண்டு செய்தவர் மிக அழகாகச் செய்தார். ஓரங்களையும் சமமாக வெட்டினார். பாதிக் குறிப்புகள் துண்டுக் காகிதங்களோடு போயின. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெட்ட வேண்டாமென்று சொல்லாதது எம் தவறு. அதனால்தானோ என்னவோ, அரம் எடுப்பவரைக் கண்டால் எனக்கு அச்சம் வருகிறது.

ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட லாஷனால் கருவிகளைப் புதுச் சுருதிக்கு மாற்றி வாசிப்பதில் பிழையில்லை. வாசிக்கத்தானே அவை செய்யப்பட்டன? ஆனால் தொடக்ககாலக் கருவியொன்று தன் முதல் சுருதியுடனேயே கிடைக்குமாயின், அதை அப்படியே விடுவதுதான் முறை என்பது என் கருத்து. கவனமுள்ள கைவினைஞர்கள் அரத்தைத் தொடுமுன் ஒவ்வொரு ரீடின் சுருதியையும் அளந்து எழுதி வைக்கிறார்கள்.

இலண்டனிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகம் 1996இல் 600க்கும் மேற்பட்ட கான்செர்டினாக்கள் கொண்ட பெருந்தொகுப்பை வாங்கியது. வீட்ஸ்டோன் நிறுவனத்தின் பழைய கணக்கேடுகளும் அங்குள்ளன. கருவியில் பொறித்த எண்ணைக் கொண்டு அவ்வேடுகளில் தேடினால், இன்னார் இந்நாளில் இதனை வாங்கினார் என்ற வரி பல கருவிகளுக்குக் கிடைக்கிறது.