மருந்தின் மேல் மருந்து

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவோரின் நிலை யாது என்பதைக் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. முதற் கடன் தீர்ந்ததுபோலத் தோன்றும். ஆயினும் வேறு பெயரில், வட்டியுடன், அது வீட்டிலேயே இருக்கும். மருந்து உட்கொள்வதிலும் இந்நிலை ஏற்படுவதுண்டு என்பதைச் சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலித்தபோது நேரில் அறிந்தேன்.

அச்சங்கப் பேரேட்டில் ஓர் அங்கத்தினர் பெயரில் ஓராண்டில் மூன்று சிறு கடன்கள் பற்று எழுதப்பட்டிருந்தன. மூன்றும் வைத்தியச் செலவுக்கே. அவர் குழித்தறியில் நாற்பது ஆண்டுகள் உழைத்த முதியவர். விசாரித்தபோது ஒரு துணிப்பையைக் கொணர்ந்து காட்டினார். அதில் ஏழு வகை மாத்திரைகள் இருந்தன. எது எதற்கு என்று வினவினேன். "காலையிலே நாலு, ராத்திரி மூணுங்க சார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஏழும் சேர்ந்த விதத்தைக் காண்போம். முதலில் வந்தது இடுப்பு வலி. அதற்கு டைக்ளோபெனாக் என்னும் வலி மாத்திரை தரப்பட்டது. சில நாட்களுக்கு அது தக்க மருந்தே. மாதக்கணக்கில் உட்கொண்டால் இரைப்பையைப் புண்ணாக்கலாம், இரத்தக் கொதிப்பை உயர்த்தலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். வயிற்றெரிச்சலுக்கு இரண்டாவது மாத்திரை வந்தது. கொதிப்பு உயரவே, வேறொரு டாக்டர் அம்லோடிபின் எழுதினார். அம்மருந்தினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், இவருக்கும் வீங்கிற்று. மற்றொருவர் அதைப் புதிய நோயெனக் கருதி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். அம்மாத்திரை இரத்தத்தில் யூரிக் அமிலத்தை மிகுவிக்கக் கூடியது. கால் பெருவிரல் மூட்டு சிவந்து வலித்தது. யூரிக் அமிலத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும், மறுபடியும் ஒரு வலி மாத்திரையும் சேர்ந்தன. ஏழாவது, சோர்வுக்கான சத்து மாத்திரை. புறப்பட்ட இடத்திற்கே வண்டி வந்து சேர்ந்தது. வலி மாத்திரையையும் நீர் மாத்திரையையும் ஒருங்கே உண்பது சிறுநீரகத்திற்குப் பின்னும் கேடு.

மருந்தின் விளைவைப் புது நோயெனக் கொண்டு மேலும் மருந்து எழுதும் இத்தொடரை, 1997ஆம் ஆண்டில் பாலா ரோச்சன், ஜெரி குர்விட்ஸ் என்னும் மருத்துவ அறிஞர் இருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் விளக்கினர். 2017ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியிலும், ஒருவரே பல மருந்துகளை உண்பது முதன்மையாகக் கவனிக்க வேண்டியவற்றுள் ஒன்றாக வைக்கப்பட்டது.

டாக்டர்களை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. ஒவ்வொருவரும் ஒரு தொல்லையைப் பார்த்தனர். பை முழுவதையும் எவரும் பார்க்கவில்லை, நாம் காட்டவுமில்லை. ஊசியும் சீட்டும் இல்லாமல் அனுப்பும் டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்கிறோம். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் மீண்டும் மீண்டும் வாங்குகிறோம்.

எனவே அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இவை. எந்த டாக்டரிடம் சென்றாலும், நாட்டு மருந்து உட்பட, உண்ணும் மருந்துகள் யாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்க. ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டறிக. புதிய தொல்லை தோன்றினால், "இது முன்பு கொடுத்த மருந்தினால் வந்ததாக இருக்குமோ?" என்று பணிவுடன் கேட்க. ஒன்றை மறவாதீர்கள்: தாமாகவே எதையும் நிறுத்தலாகாது. கொதிப்பு, நீரிழிவு, இருதயம், வலிப்பு ஆகியவற்றிற்கான மருந்தைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அம்முதியவர் தம் பையுடன் அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றார். இரத்தத்தைச் சோதித்ததில் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தது தெரிந்தது. டாக்டர் வலி மாத்திரைகளை உடனே நிறுத்தி, மற்றவற்றையும் படிப்படியாகக் குறைத்தார். இப்பொழுது இரண்டே மாத்திரைகள். இழந்த திறன் முழுவதும் மீளும் என்று டாக்டர் உறுதி கூறவில்லை. மேலும் கெடாமல் காப்பதே இனி முயற்சி என்றார். மணிக்கொரு முறை தறிக்குழியை விட்டு எழுந்து நடக்கிறார். இவ்வாண்டுப் பேரேட்டில் அவர் பெயரில் வைத்தியக் கடன் இல்லை.

பற்றும் வரவும் எழுத நம் ஒவ்வொருவரிடமும் பாஸ் புத்தகம் இருக்கிறது. மருந்துக்கும் அதைப் போல் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்வது நலம்.