தராசு சொன்னால் தீர்ப்பா?

கினிகத்தேனைப் பக்கம் ஒரு தோட்டத்து மடுவத்தில் பின்நேர நிறுவையின்போது நின்றிருந்தேன். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் தராசில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. கணக்கப்பிள்ளை கையிலிருந்த கருவியில் ஏதோ அழுத்தினார்.

"எத்தனை கிலோங்க ஐயா?"

"மெஷின்ல ஏறிருச்சு, போங்க."

அந்த அக்கா படங்கை உதறிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு முழுப் பேரா, அரைப் பேரா என்பது இனி மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் எத்தனை நாள் கொழுந்து எடுத்தோம், எந்த நாளில் எவ்வளவு என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்?

மெஷின் பொய் சொல்லாது என்று நம்பியதால் என்ன நடக்கும் என்பதை பிரித்தானியத் தபாலகம் காட்டியிருக்கிறது. 1999 முதல் அங்கே உப தபாலகங்களின் கணக்கு ஹொரைசன் என்ற மென்பொருளுக்குப் போனது. செய்து கொடுத்தது புஜிட்சு நிறுவனம். கையில் காசு சரியாக இருந்தாலும் திரையில் பற்றாக்குறை காட்டும். ஜோ ஹமில்டன் என்ற உப தபாலதிபர் உதவிக்குப் போன் செய்து, சொன்னபடி பொத்தான்களை அழுத்த, கண்முன்னாலேயே அந்தப் பற்றாக்குறை இரட்டிப்பானது. வேறு யாருக்கும் இப்படி இல்லை என்றே தபாலகத் தரப்பில் ஒவ்வொருவரிடமும் சொன்னார்கள். 2015 வரை 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சீமா மிஸ்ரா 2010 இல் சிறைக்குப் போனபோது கர்ப்பிணி. குறைந்தது 13 பேர் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 இல் வெளிவந்த பொது விசாரணை அறிக்கை கூறுகிறது.

மென்பொருளில் பிழை வருவது பெரிய அதிசயமில்லை. தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. 2013 இலேயே, வழக்குகளில் சாட்சி சொன்ன புஜிட்சு நிபுணரின் சாட்சியத்தை நம்ப முடியாது என்று ஒரு சட்டத்தரணி தபாலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். ஆனாலும் 2019 டிசம்பரில் நீதிமன்றம் பிழைகள் உண்டு என்று தீர்ப்பளிக்கும்வரை நிர்வாகம் மென்பொருளுக்காகவே வாதாடியது. 2012 முதல் 2019 வரை தலைமை நிர்வாகியாக இருந்த போலா வெனல்ஸ் 2024 இல் அரச விருதை இழந்தார். பொலிஸ் விசாரணை தனியாக நடக்கிறது. இதுவரை சிறை கண்டவர்கள் அப்பாவிகள்தான்.

நம் நாட்டுச் சட்டத்திலும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2006 ஆம் ஆண்டு இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை மின்பதிவை உண்மை என்றே ஊகிக்கச் சொல்கிறது. நிரூபிக்க வேண்டியது தோட்டத்தில் யார்? கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத அந்த அக்கா.

அதனால் காகிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நிறுத்ததும் எண்ணை வாய்விட்டுக் கேளுங்கள். கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதையும் சேர்த்து. எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். தராசில் அளவீட்டுத் திணைக்கள முத்திரை இருக்கிறதா என்று சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலும் உங்கள் கொப்பியும் ஒத்துப்போகாவிட்டால் ஹட்டன் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதற்குச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் எல்லை போட்டிருக்கிறது. மென்பொருள் கழித்தது என்பது அதில் ஒரு காரணமில்லை. வேலையே போய்விட்டால் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஒன்றில் தாமதம் கூடவே கூடாது.

மேலே இருப்பவர்களைப் பிடிக்க வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி நிறுவனம் குற்றம் செய்தால் அதன் பணிப்பாளர்களும் குற்றவாளிகளே. தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தாம் உரிய கவனம் எடுத்தோம் என்று அவர்களே நிரூபித்தால்தான் தப்பலாம். ஆகவே சேமலாப நிதியில் குறை கண்டால் கணக்கப்பிள்ளையோடு சண்டை போட்டு என்ன பயன்? அவரும் சம்பளத்துக்கு நிற்பவர். கடிதத்தைத் துரைக்கும் கம்பனித் தலைமையகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்தக் கொப்பிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். நாளைக்கு "எங்களுக்குத் தெரியாது" என்று கம்பனி சொன்னால் அந்த ரசீதை நீட்டலாம்.