மறைந்த அங்காடிகள்

ஓர் ஊருக்கு வழி கேட்பவர்க்கு நாம் திசையையும் தொலைவையும் மட்டும் கூறி நிறுத்துவதில்லை. "ஆலமரத்தைத் தாண்டிச் செல்லுங்கள், சாவடிக்கு மேற்கே திரும்புங்கள்" என்று அடையாளங்களையும் சேர்த்துச் சொல்கிறோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் ஐம்பது ஆண்டுகட்கு முன் இத்தகைய அடையாளங்கள் ஏரிக்கரையும், மதகும், புளியமர வரிசையும், சுமைதாங்கிக் கல்லுமாக இருந்தன. இன்று அவ்வழியில் யாரையேனும் கேட்டால் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளின் பெயர்களே விடையாக வரும். மரம் போயிற்று, மதகு சாலைக்கு அடியில் மறைந்தது. அவை எங்கே இருந்தன என்று கைகாட்டக்கூடிய முதியோரும் குறைந்துவருகின்றனர்.

அடையாளங்களுள் சில, தாம் அழிந்தபின்னும் மக்கள் நாவில் நெடுங்காலம் வாழும். சென்னை மாநகரில் இருந்த இரண்டு பேரங்காடிகள் அவ்வகையின. ஒன்று ஸ்பென்சர், மற்றொன்று மூர் மார்க்கெட். எம் பகுதி மக்கள் திருமணத்திற்கும் பண்டிகைக்கும் பொருள் வாங்க நாற்பது கிலோமீட்டர் கடந்து சென்னைக்குச் சென்ற நாளில், பூந்தமல்லி வழியாக வரும் நெடுஞ்சாலை அவர்களை நேரே மூர் மார்க்கெட்டின் வாயிலருகிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்காடி என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. பகலில் கூடுவது நாளங்காடி. இரவில் கூடுவது அல்லங்காடி. காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். மதுரையின் இருவகை அங்காடிகளையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கும். எனினும், பொன் வேண்டுவார் ஒரு தெருவுக்கும் கூலம் வேண்டுவார் வேறொரு தெருவுக்கும் செல்வதே பழைய வழக்கம். ஒரே உரிமையாளர்க்கு உட்பட்ட ஒரே கட்டடத்தில், பிரிவு பிரிவாகப் பல பொருள்களையும் பரப்பி வைத்து, ஒவ்வொன்றிற்கும் விலை குறித்து விற்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. பாரிஸ் நகரத்து 'போன் மார்ஷே' என்னும் கடையில் பூசிக்கோ என்பவர் 1852 ஆம் ஆண்டுக்குப் பின் இம்முறையை வளர்த்துப் புகழ்பெற்றார்.

நம் நாட்டில் இத்தகைய பழைய கடைகளுள் ஒன்று ஸ்பென்சர். 1863 ஆம் ஆண்டில் சார்லஸ் டூரண்ட் என்பவர் சென்னையில் ஒரு கடை தொடங்கினார். அடுத்த ஆண்டில் ஜான் வில்லியம் ஸ்பென்சர் கூட்டாளியாகச் சேர்ந்தார். பின்னர் அது யூஜீன் ஓக்ஷாட் என்பவர் கைக்கு வந்து பெருவளர்ச்சி எய்தியது. போக்சன் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த சிவந்த மாளிகை 1895 ஆம் ஆண்டில் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், எழுந்தது. குவிமாடமும் வளைவுகளும் கூடிய இந்தோ சாரசெனிக் பாணியில் அது அமைந்தது. அந்நிறுவனம் கடையோடு நின்றுவிடவில்லை. இரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகளை நடத்தியது, சோடா செய்தது, திண்டுக்கல்லில் சுருட்டுச் செய்து விற்றது.

அங்கே விலை ஒன்றே. கேட்டதைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். இது நேர்மையான முறை என்பதில் ஐயமில்லை. ஆயினும், கையில் சில ரூபாய்களே உடைய நாட்டுப்புறத்தார் அவ்வாயிலின் முன் நின்று உள்ளே நோக்குவரேயன்றிப் படியேறத் தயங்குவர். நானும் அங்ஙனம் நின்றவர்களுள் ஒருவனே.

மூர் மார்க்கெட்டில் இத்தயக்கம் எவர்க்கும் இல்லை. பிராட்வேயில் இருந்த பாப்பம் மார்க்கெட் நெருக்கடியும் சீர்கேடும் மிகுந்துவிட்டமையால், அதற்கு மாற்றாக நகராட்சியார் இதனை எழுப்பினர். நகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டினார். 1900 ஆம் ஆண்டில் அங்காடி திறக்கப்பட்டது. கட்டடத்தை வரைந்தவர் எல்லிஸ்; கட்டி முடித்தவர் சுப்பிரமணிய ஐயர். சென்டிரல் இரயில் நிலையத்தை அடுத்த மக்கள் பூங்காவில், விக்டோரியா மண்டபத்திற்கு அண்மையில் அது நின்றது. செங்கல்லால் ஆன நீண்ட தாழ்வாரங்கள் நாற்புறமும் ஓட, நடுவே திறந்த முற்றம் விளங்கிற்று. உள்ளே நுழைந்தவர் வெயிலையும் மழையையும் மறந்து மணிக்கணக்கில் உலவலாம்.

"தாய் தந்தையரைத் தவிர மற்ற யாவும் அங்கே கிடைக்கும்" என்பது அக்காலத்து வழக்குமொழி. துணி, பொம்மை, பாத்திரம், பழைய கிராமபோன் தட்டு, கடிகாரத்தின் உடைந்த உறுப்பு, கிளி, முயல், வண்ண மீன் ஆகிய இவையெல்லாம் ஒரே சுற்றில் காணப்பட்டன. விலையோ, சொல்பவர்க்கும் கேட்பவர்க்கும் இடையே நடக்கும் ஒரு சொற்போர். இருபது என்று தொடங்கிய பொருள் ஆறுக்கு முடியும். ஆறுக்கு வாங்கி மகிழ்ந்து திரும்பியவர், பக்கத்துக் கடையில் அதுவே நான்குக்குப் போவதைக் கண்டு முகம் வாடுவதும் உண்டு. பேரம் பேசுதலைச் சிறுமை என்று சிலர் இகழ்வர். நான் அவ்வாறு கருதவில்லை. வாங்குபவன் வறியவனா, பொருளின் அருமை அறிந்தவனா, விளையாட்டுக்கு வந்தவனா என்பதையெல்லாம் கடைக்காரர் அச்சிறு உரையாடலிலேயே அளந்துவிடுவார். குறித்த விலைச்சீட்டுக்கு அவ்வறிவு இல்லை.

அங்கிருந்த கடைகளுள் என் நெஞ்சில் நிற்பவை பழைய புத்தகக் கடைகளே. புலவர் வகுப்பு மாணவனாக இருந்த நாளில், பாட நூல் புதிதாய் வாங்க இயலாத எம்மனோர்க்கு அவையே நூல்நிலையம். யாப்பருங்கலக்காரிகையின் பழம் பதிப்பு ஒன்றை, முதல் நான்கு ஏடுகள் இல்லாத நிலையில், அங்கே கண்டெடுத்தேன். கடைக்காரர் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே கல்வி உடையவர். எனினும் நூலை நான் எடுத்த விரைவையும் கீழே வைக்க மனமின்றி நின்றதையும் கண்டு, மூன்று ரூபாய் என்றார். என்னிடம் இருந்தது, பேருந்துக் கட்டணம் போக, ஒன்றரை ரூபாய். அவர் சற்று நேரம் என்னை நோக்கினார். "மீதியை அடுத்த முறை வரும்போது கொடு, தம்பி, படிக்கிற பிள்ளைதானே" என்று நூலை என் கையில் வைத்தார். அடுத்த திங்களில் மீதியைக் கொடுத்தேன். அன்றுமுதல் இலக்கண நூல் எது வந்தாலும் எனக்கென ஒரு மூலையில் எடுத்து வைப்பார். அவர் பெயரைக் கேட்டறியவில்லை. "ஐயா" என்றே அழைத்துவந்தேன்.

இவ்விரு பேரங்காடிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தன. ஒரே வகையில் மாண்டன. 1983 ஆம் ஆண்டில் ஸ்பென்சர் மாளிகை தீக்கு இரையாயிற்று. 1985 ஆம் ஆண்டு மே 30 ஆம் நாள் மூர் மார்க்கெட் எரிந்தது. துணியும் தாளும் மரச்சட்டமும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் தீ பற்றினால் அதனை அடக்குதல் அரிது. இரயில் நிலைய விரிவுக்காக மூர் மார்க்கெட் நின்ற நிலம் முன்னரே வேண்டப்பட்டு வந்தது. எனவே எரிந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கும் எண்ணம் வலுப்பெறவில்லை. எஞ்சிய சுவர்களும் இடிக்கப்பட்டன.

இங்குச் சட்டத்தின் ஒரு கூற்றை அறிதல் வேண்டும். பழஞ்சின்னங்களைக் காக்க 1958 ஆம் ஆண்டில் நடுவண் அரசு இயற்றிய சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையவற்றையே தன் காப்பில் கொள்ளும். எரிந்தபோது ஸ்பென்சர் மாளிகைக்கு அகவை எண்பத்தெட்டு. மூர் மார்க்கெட்டிற்கு எண்பத்தைந்து. கோயிலும் கோட்டையும் காக்கப்பட, மக்கள் நாள்தோறும் புழங்கிய கடைத்தெரு காவலின்றி நின்றது. தமிழ்நாட்டில் மரபுச்சின்ன ஆணையத்திற்கான சட்டம் 2012 ஆம் ஆண்டில்தான் வந்தது.

ஸ்பென்சர் நின்ற இடத்தில் அப்பெயராலேயே புதிய வணிக வளாகம் 1991 ஆம் ஆண்டு முதல் எழலாயிற்று. மூர் மார்க்கெட் நின்ற இடத்தில் இரயில்வேயின் கட்டடமும் புறநகர் இரயில் நிலையமும் அமைந்தன. அந்நிலையத்திற்கு 'மூர் மார்க்கெட் வளாகம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வண்டியேறும் இளைஞர் பலர் அப்பெயரின் பொருள் அறியார். பழைய அங்காடியின் சிற்றுருவம் ஒன்று அங்கே வைக்கப்பட்டுள்ளது. விரைந்து செல்வோர் அதன் முன் நிற்பதில்லை. கடைக்காரர்கள் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். அங்காடிக்கு அயலில் இருந்த விலங்குக்காட்சிச் சாலையோ வண்டலூருக்குப் பெயர்ந்து, அதே 1985 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் புதிய இடத்தில் திறக்கப்பட்டது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலைதான் ஒரகடத்தின் வழியே போகிறது. ஆகவே, மூர் மார்க்கெட்டுக்குப் போனால் சிங்கத்தையும் பார்க்கலாம் என்று எங்களை ஆசைகாட்டிய காலம் போய், சிங்கமே எம் பகுதிக்குக் குடிவந்தது.

எம் பகுதியின் புதிய அடையாளங்களும் நிலைபெற்றவை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006 ஆம் ஆண்டில் கைப்பேசி செய்யத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை பல்லாயிரவர்க்கு, அவருள்ளும் சிற்றூர்ப் பெண்களுக்கு, முதல் ஊதியம் தந்தது. காலையிலும் மாலையிலும் அவர்களை ஏற்றிச்செல்லும் பேருந்துகளின் வரிசையைக் கொண்டே நேரம் கணித்தவர் உண்டு. 2014 ஆம் ஆண்டு நவம்பரில் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் அவ்விடத்தில் தொழில் தொடங்கியது.

அண்மையில் அவ்வழியே பேருந்தில் சென்றேன். என் பக்கத்தில் இருந்த அம்மையார், "நோக்கியாகிட்ட இறக்கிவிடுங்க" என்று நடத்துநரிடம் கூறினார். முன்னிருக்கையில் இருந்த வடநாட்டு இளைஞர் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தார். அப்பெயர் தாங்கிய பலகை எதுவும் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. நடத்துநர் மறுசொல் கேளாமல் சீழ்க்கை ஊதினார். வண்டி சரியான இடத்தில் நின்றது.