எருக்கஞ்செடிப் பள்ளிக்கூடம்

சேலம் என்றவுடன் மாம்பழமும், நாமக்கல் என்றவுடன் கோழிமுட்டையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்தச் சமவெளியின் வேலியோரங்களில் வேறொரு முட்டையும் உண்டு. குண்டூசித் தலையளவே உள்ள அதை, எருக்க இலையின் அடிப்புறத்தில் ஒன்றொன்றாக இட்டுச் செல்கிறது ஓர் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி. வெந்தய வரியன் என்பது அதன் பெயர்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்ற நான்கு பருவங்களை நம் மாணவர்கள் தலைகீழாக ஒப்பிப்பார்கள். நான்கு கட்டம் வரைந்து அம்புக்குறியும் போடுவார்கள். ஆனால் பள்ளிக்குப் போகும் வழியிலேயே அந்நான்கும் நடைபெறுவதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? சாஸ்திரம் என்பது பிரத்தியட்சமாகக் கண்டு அறிவதல்லவா?

இதற்குச் செலவு ஏதுமில்லை. வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றும், அதை மூட மெல்லிய துணியும் போதும். முட்டையுள்ள எருக்கங்கிளையை, நீர் நிரம்பிய சிறு புட்டியில் நிறுத்தி, புழு நீரில் விழாதபடி புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்து ஜாடிக்குள் வைக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் படலாகாது; தொட்டபின் கை கழுவுவது அவசியம். தினந்தோறும் புதிய இலை வேண்டும். மறந்தால் பட்டினி கிடப்பது ஓர் உயிர் என்பதைக் குழந்தைகள் உணர்வது பாடத்தின் முதல் பகுதி.

இனி அளவைப் பார்ப்போம். இலையைப் புழுவுக்குக் கொடுக்குமுன் கட்டத்தாளில் அதன் உருவத்தை வரைந்துகொண்டு, மறுநாள் தின்னப்பட்ட கட்டங்களை எண்ணலாம். புழு நான்கு முறை தோலுரிக்கும். அந்த நாட்களையும் குறிக்கலாம். பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளித் தோட்டங்களில், விளிம்பில் வெண்புள்ளிகளுள்ள கரும்பழுப்புப் பூச்சி ஒன்றின் புழு கிடைக்கும். எருக்கம்புழுவின் உடலில் மூன்று ஜோடிக் கரிய இழைகள். அரளிப்புழுவுக்கோ நான்கு ஜோடி! எண்ணிப் பார்த்தவனுக்கு அது மறக்குமா? அரளிக் கூட்டுப்புழு வெள்ளியைப் போல் மின்னும் ஆச்சரியமும் காத்திருக்கிறது.

சில கூடுகளிலிருந்து சிறகு விரியாது. ஓர் ஈயோ குளவியோ வெளிவரும். அவை புழுவின் உடலுக்குள்ளேயே வளர்ந்த ஒட்டுண்ணிகள். குழந்தைகள் வருந்தத்தான் செய்வார்கள். அதையும் ஏட்டில் எழுதட்டும். இயற்கையின் கணக்கில் அதுவும் ஒரு வரியே.

இது சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மெரியன் சிறுமியாயிருந்தபோதே புழுக்களை வளர்த்துப் பார்த்தார். 1679இல் அவர் வெளியிட்ட நூல் அறிஞரை வியக்க வைத்தது. வெந்தய வரியனின் உறவான 'மோனார்க்' பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பதை அறிய, கனடாவின் அர்க்கார்ட் தம்பதியர் அவற்றின் சிறகில் சிறு சீட்டு ஒட்டினார்கள். சாதாரண ஜனங்கள் பலர் துணை நின்றனர். மெக்ஸிகோ மலைகளில் விடை கிடைத்தது 1975இல்.

நம் நாட்டிலும் அத்தகைய புதிர் உண்டு. சேர்வராயன் மலைப் பக்கத்திலும் சமவெளியிலும் பெருகும் நீல வரியன் முதலியவை, பருவமழைக் காலத்தில் கூட்டங்கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிப் பறக்கின்றன. எந்த நாளில், எந்தத் திசையில், எத்தனை என்று குறித்து வைக்கக் கிராமத்து மாணவனைவிடத் தகுந்தவர் யார்? 2020 முதல் செப்டம்பர் மாதத்தில் இந்தியா முழுவதும் நடைபெற்றுவரும் வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பில் பொதுமக்களும் பங்குகொள்கிறார்கள்.

ஸ்ரீரங்கத்தையடுத்த மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு உபாத்தியாயர்கள் மாணவர்களை அழைத்துச் செல்லலாம். ஆனால் அது ஒருநாள் திருவிழா. நித்திய பூஜை உள்ளூரில்தான் நடக்க வேண்டும். பள்ளி மைதானத்தைச் சுத்தம் செய்கையில் முதலில் வெட்டப்படுவது எருக்குத்தான். செடி போனால் பூச்சியும் போகும்; பிறகு எஞ்சுவது புத்தகத்துக் கட்டங்கள் மட்டுமே. ஒவ்வொரு பள்ளியும் தன் மைதானத்தின் ஒரு மூலையில் நான்கு எருக்கஞ்செடிகளை விட்டுவைக்குமா?