சனிக்கிழமை மாலையில் ஒரு துணை



திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்பது தனியானதொரு பொழுது. பனியன் தொழிலாளர் பலர்க்கு வாரக்கூலி கைக்கு வரும் நேரம் அது. காய்கறிக் கடையிலும் கூட்டம், மதுக்கடையிலும் கூட்டம்.

என்னிடம் முன்னாளில் பயின்ற ஒருவர் அங்கே கட்டிங் மாஸ்டராக இருக்கிறார். 11 ஆண்டுகளைக் குடியிலே கழித்து மீண்டவர். அந்நாளில் அவர் இல்லத்திற்குச் சென்று ஒரு மணி நேரம் அறிவுரை கூறினேன். தலைமையாசிரியர்க்கு அது பழகிய தொழில் அன்றோ! தலைகுனிந்து கேட்டார், நான் தெருமுனையைத் தாண்டுமுன் கடைக்குப் போய்விட்டார்.

இன்று அவர் கூலி வாங்கியதும், குடியை நிறுத்திச் சில நாட்களே ஆன ஓர் இளைஞரைத் தேடிச் செல்கிறார். இளைஞர் தையல் இயந்திரத்தருகே கைமடிக்கும் வேலை பார்ப்பவர். இரவு வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். “நல்ல தொண்டு” என்றேன். “அந்தத் தம்பிக்காக மட்டும் போகலீங்க ஐயா. போகாவிட்டால் என் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியுமுங்க” என்றார்.

இது வெறும் அடக்கத்தில் பிறந்த சொல் அன்று. அமெரிக்காவின் அக்ரான் நகரில், 1935ஆம் ஆண்டு மே மாதம், பில் வில்சன் என்பார் ஒரு விடுதியின் முன்கூடத்தில் தனித்து நின்றார். வணிக முயற்சியில் தோல்வி. குடியை விட்டு ஐந்து திங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடத்தின் ஆரவாரம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை நாடி, தம்மைப் போன்ற குடிநோயாளி ஒருவரைக் காட்டுமாறு வேண்டினார். அவ்வாறு கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரமே இருப்பதாக எண்ணி வந்த மருத்துவர் பல மணி நேரம் அமர்ந்துவிட்டார். வில்சன் உபதேசம் செய்யவில்லை; தாம் பட்டதைச் சொன்னார். அச்சந்திப்பிலிருந்தே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கம் பிறந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதற்கு முன்னர் நியூயார்க்கில் வில்சன் பல குடியர்களைத் திருத்த முயன்றார். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் அத்தனை நாளும் அவர் குடிக்காமல் இருந்தார்.

2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இதையே காட்டிற்று. சிகிச்சைக்குப் பின் ஓராண்டில், பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களுள் 100க்கு 40 பேர் மீண்டும் குடிக்கவில்லை. உதவாதவர்களுள் 22 பேரே அவ்வாறு இருந்தனர். புதியவரின் நடுங்கும் கையில் பழையவர் தம் முதல் நாளைக் காண்கிறார். மறைக்க வேண்டியிருந்த வாழ்க்கையே பிறர்க்குப் பயன்படும் பொருளாகிறது.

இது மருத்துவத்திற்கு மாற்றன்று. கடுங்குடியர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும். முதலில் மருத்துவரே வேண்டும். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கியது அதற்காகவே.

சென்ற சனிக்கிழமை அந்த இளைஞர் மீண்டும் குடித்துவிட்டார். என் மாணவர் குடிக்கவில்லை. ஞாயிறு காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டச் சென்றார்.