பள்ளிப் பாடம் அடுப்படிக்கு வரவேண்டும்



நம் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, பஸ் ஏறி, டவுனில் இருக்கும் இடைநிலைப்பள்ளிக்குப் போய் வருகிறார்கள். அங்கே கணக்கு, அறிவியல் போல உடற்கல்வியும் நலக்கல்வியும் சேர்ந்த ஒரு பாடமும் உண்டு. சத்துணவு, புகைப்பழக்கம், பருவ வயது மாற்றம் எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அந்தப் பாடம் புத்தகத்தோடு நின்றுவிட்டால் பிள்ளைக்கு மார்க் வரும், ஆரோக்கியம் வராது.

சில மாதங்களுக்கு முன் மூன்றாம் படிவம் படிக்கும் பெண்பிள்ளை ஒன்று பள்ளிக் காலைக்கூட்டத்தில் மயங்கி விழுந்தது. தாயார் மருந்துக்கடைக்கு அழைத்து வந்தார்.

"காலையில என்னம்மா சாப்பிட்டே?"

"தேத்தண்ணி மட்டும்தான் டிரசர். சாப்பிட்டா பஸ் போயிடும்."

கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருந்தது. இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9. அந்த வயதில் 12க்குக் குறையக்கூடாது. "இரும்புச் சத்து எதுல இருக்கு, தெரியுமா?" என்று கேட்டேன். ஈரல், மீன், கீரை, பருப்பு என்று மலாயில் கடகடவென ஒப்பித்தது! பாடம் தெரியும், தட்டில் இல்லை. தாயாரோ, "வயசுக்கு வந்த பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம்தானே டிரசர்?" என்றார்.

சகஜம் அல்ல, அம்மா. வளரும் வயதில் உடம்புக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தமும் போகிறது. சோற்றோடு தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கீரையோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் சத்து நன்றாக ஏறும். சோகை கண்ட பிள்ளைக்கு டாக்டர் சொல்லும் காலம் வரை மாத்திரை கொடுக்க வேண்டும். மாத்திரையால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம்.

பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பசியாறச் செய்ய நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். இரவிலேயே முட்டையை அவித்து வையுங்கள். ரொட்டியோடு பஸ்ஸில் சாப்பிடட்டும். இல்லையேல் அவித்த கடலையைப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உபதேசம் பிடிக்காது. கையால் செய்து பார்த்தால்தான் மனதில் பதியும். ஒரு வழி சொல்கிறேன். குளிர்பான டின் ஒன்றைக் கொடுத்து, அதில் எழுதியிருப்பதைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். 100 மில்லிக்குச் சீனி 10 கிராம் என்றிருந்தால் 320 மில்லி டின்னில் 32 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் 8 கரண்டி. அந்த 8 கரண்டிச் சீனியைப் பிள்ளை தன் கையாலேயே ஒரு கிளாசில் அள்ளிப் போடட்டும். பார்த்த பிள்ளை அடுத்த டின்னை எடுக்குமுன் யோசிக்கும். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் உண்டு. காலில் புண் ஆறாமல் வேலையை இழந்தவர்களை நம் லயங்களிலேயே பார்த்திருக்கிறோம்.

அடுத்தது வேப். சிகரெட் இல்லை, வெறும் பழ வாசனைதான் என்று பையன்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலான வேப்பில் நிக்கோட்டின் உண்டு. மூளை வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் அந்தப் பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், விடுவது கடினம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றம். 2024 அக்டோபர் 1 முதல் இதற்கென்றே சட்டம் நடப்பில் இருக்கிறது. விற்கும் கடையை மறைக்காதீர்கள். ஆனால் பையனிடம் பிடிபட்டவுடன் பெல்ட்டை எடுக்காதீர்கள். அடித்தால் ஒளித்துக் குடிப்பான். யார் கொடுத்தார்கள், எத்தனை நாளாக என்று பொறுமையாகக் கேளுங்கள். அப்பா வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டு புத்தி சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்?

மூன்றாவது, நாம் பேசக் கூசும் விஷயம். மாதவிலக்கு, மீசை முளைப்பது, ஆண் பெண் பழக்கம் எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டில் சொல்லாவிட்டால் கைப்பேசி சொல்லும், அதுவும் கோணலாகச் சொல்லும். தாய் மகளுக்கும், தகப்பன் மகனுக்கும் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை என்றால் என்னிடமோ சுகாதார கிளினிக் தாதியிடமோ அனுப்புங்கள்.

பள்ளியிலிருந்து வரும் பாரங்களையும் கவனியுங்கள். 2010ஆம் ஆண்டு முதல் 13 வயது மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. சிறு வயதில் போட்டால்தான் முழுப் பலன். 15 வயதில் டெட்டனஸ் ஊசி. பாரம் மலாயில் இருக்கிறது, புரியவில்லை என்று அலமாரியில் செருகிவிட்டால் பிள்ளைக்கு ஊசி தவறிப்போகும். எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறேன்.

கிளைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு மாலை கோயில் மண்டபத்தில் படிவப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். பேச்சாளர் தேவையில்லை. ஒரு தராசு, ஒரு இரத்த அழுத்தக் கருவி, நாலு காலி டின் போதும். பிள்ளைகளே பெற்றோருக்கு அழுத்தம் பார்த்து எழுதட்டும். எப்படிப் பார்ப்பதென்று நான் சொல்லித் தருகிறேன்.

இன்று இரவு பிள்ளையிடம், "நலக்கல்வியில இந்த வாரம் என்ன படிச்சே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அது சொல்வதில் ஒன்றையாவது நாளைக்கே வீட்டில் செய்து காட்டுங்கள்.