ஜேசிபி ஓடிய நிலத்தில் மழைநீர் எங்கே போகிறது?

மேட்டு நிலம் ஒன்றை வாங்கி, ஜேசிபி வைத்துச் சமன் செய்து, கீழ்க்கோடியில் பண்ணைக்குட்டை வெட்டி, மரக்கன்றும் நட்டுவிட்டால் இரண்டு மூன்று ஆண்டில் கிணற்றில் நீர் ஏறிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். முதல் ஐப்பசி மழையிலேயே குட்டை மண் மூடிப்போனதைப் பார்த்துச் சோர்ந்தவர்களும் உண்டு. குறை குட்டையில் இல்லை. புது நிலத்தில் நீரின் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதற்கேற்ப நம் வேலையின் வரிசையும் இருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க ஜெர்மனியில் ஓர் இடம் இருக்கிறது. காட்பஸ் நகருக்கு அருகில், நம் நெய்வேலியைப் போன்ற ஒரு பழுப்பு நிலக்கரித் திறந்தவெளிச் சுரங்கம். நிலக்கரி எடுத்து முடித்த பகுதியில் 2005-ஆம் ஆண்டு 6 ஹெக்டேரில், அதாவது சுமார் 15 ஏக்கரில், ஆய்வாளர்கள் ஒரு செயற்கை நீர்ப்பிடிப்பை அமைத்தார்கள். அடியில் களிமண் படுகை, அதன்மேல் இரண்டு மூன்று மீட்டர் மணற்பாங்கான மண், சரிவின் முடிவில் ஒரு குட்டை. களிமண் தடுப்பதால் நீர் ஆழத்துக்குத் தப்பிப் போகாது. பெய்த மழைக்குக் கணக்கு வைக்கலாம். எதையும் விதைக்கவில்லை, நடவில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

மணல்தானே, நீரை உடனே குடித்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் செடி கொடி இல்லாத மண்ணில் மேற்பரப்பு இறுகி, தொடக்க ஆண்டுகளில் நீர் மேலாகவே ஓடியது. சரிவெங்கும் ஓடைகள் அறுத்து, மணலைக் குட்டைப் பக்கம் இறக்கியது. பிறகு காற்றில் வந்த விதைகளில் களைகளும், பயறு இனச் செடிகளும் முளைத்தன. மண்ணின் மேல் பாசி படர்ந்தது. மேலோட்டம் குறைந்து, நீர் உள்ளே இறங்கி, களிமண்ணுக்கு மேல் நிலத்தடி நீராகச் சேர்ந்தது. அது நிறையவே சில ஆண்டுகள் ஆயின. அதன் பின் மரங்கள் எழுந்தன. இப்போது நீரின் பெரும்பங்கை வேர்கள் எடுத்து, இலை வழியாக வானத்துக்கே திருப்பி அனுப்புகின்றன.

முதல் இரண்டு ஆண்டுகள்

நம் செம்மண் மேட்டில் நிலைமை இன்னும் கடினம். மேல்மண்ணை வழித்துவிட்டால் அடிமண்ணில் மட்கு இல்லை. மழை அடித்தால் ஓடு கட்டிவிடும். இயந்திரத்தின் எடையில் கீழேயும் கெட்டியான தட்டு உருவாகிறது. ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 4,000 லிட்டர். ஒரே மாலையில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 1,20,000 லிட்டர். இதில் பாதி ஓடினாலும் எவ்வளவு மண்ணை அரித்துச் செல்லும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே குட்டைக்கு அவசரம் வேண்டாம். வழித்த மேல்மண்ணை ஓரமாகக் குவித்து வைத்து, சமன் செய்த பின் மீண்டும் பரப்பச் சொல்லுங்கள். இதற்கு ஜேசிபிக்காரர் கூடுதல் மணி நேரம் கேட்பார். கொடுத்துவிடுங்கள், பின்னால் எருவுக்குச் செலவழிப்பதைவிட அது மலிவு. மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டி அடித்தட்டை உடைக்க வேண்டும். ஈர மண்ணில் ஓட்டினால் பலன் இல்லை. அடுத்துச் சரிவுக்குக் குறுக்கே உழவும் வரப்பும்.

மழைக்கு முன் பசுந்தாள் விதைப்பு அவசியம். ஏக்கருக்குச் சணப்பு 10 முதல் 14 கிலோ, கொழுஞ்சி என்றால் 6 முதல் 8 கிலோ போதும். கொழுஞ்சி விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால்தான் சீராக முளைக்கும். பூக்கும் பருவத்தில் சணப்பை மடக்கி உழலாம். கொழுஞ்சியை மட்டும் ஒரு பகுதியில் விதை விழும்வரை விட்டுவையுங்கள், அடுத்த மழைக்குத் தானாக எழும். முதல் ஆண்டு எழும் களையையும் முழுவதுமாகச் சுரண்டிவிடாமல், விதை கட்டும் முன் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடலாம்.

நீர் இறங்கத் தொடங்கிவிட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு சாண் அகலக் குழாய்த் துண்டை நான்கு விரல்கடை மண்ணில் அழுத்தி, அளந்த நீரை ஊற்றி, எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று குறித்து வையுங்கள். அதே இடத்தில், மண் அதே அளவு காய்ந்திருக்கும்போது, ஆண்டுதோறும் செய்ய வேண்டும். நேரம் நன்றாகக் குறைந்து, வயலிலிருந்து வழியும் நீர் தெளிந்த பிறகு குட்டை வெட்டினால் அது நிலைக்கும்.

மரம் வளர்ந்த பின்

ஏறிய கிணற்று நீர் ஏழெட்டு ஆண்டில் மீண்டும் இறங்கினால், 'செய்த வேலை வீண்' என்று முடிவு கட்ட வேண்டாம். மழை குறைந்ததா, பக்கத்தில் புது ஆழ்துளைக் கிணறு வந்ததா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மரங்கள் குடிக்கின்றன. நெருக்கி நட்ட தைல மரத்தோப்பில் இது வெளிப்படையாகத் தெரியும். கிணற்றை நம்பிப் பயிர் செய்பவர் ஒன்றுவிட்டு ஒன்றாக மரத்தைக் கழிக்கலாம். மரத்தையே வருமானமாக நினைப்பவர் நீர் இறங்குவதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்த முடிவை எடுக்கப் பதிவு தேவை. கிணற்றுச் சுவரில் அடிக்கு ஒரு பெயிண்ட் கோடு போட்டு, மாதத்தின் முதல் நாள் காலை, மோட்டார் போடும் முன், நீர்மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அந்த மாத மழையளவையும் எழுதுங்கள்.